நியமனக் கடிதமும் இஜாஸாவும்: மலையகத்து ஆசிரியரின் தகுதிக்கு யார் சாட்சி?

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் உள்ள சின்னப் புகையிரத நிலையம் வட்டகொடை. அங்கே இறங்கியவரைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிக்காரரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். மருந்துக் கடை நடத்துவதென்றால் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கும். வழக்குப் பேசும் சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர். அதே தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரிடம் இருப்பது ஒரு நியமனக் கடிதம்.

நியமனக் கடிதமும் அனுமதிப்பத்திரமும் ஒன்றென்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் வேறு. அனுமதிப்பத்திரம் ஆளோடு போகும். டாக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டு விலகினாலும் அவர் பதிவுபெற்ற வைத்தியர்தான். பதிவை இழந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் பார்க்க முடியாது. நியமனக் கடிதம் பதவியோடு போகும். அதைக் கொடுப்பது தொழில்தருநர், எடுத்துக்கொள்வதும் அவரே. இலங்கையில் ஆசிரியர்களைப் பதிந்து, தகுதியைச் சான்றுரைத்து, தவறு செய்தால் பெயரை நீக்கும் சட்டபூர்வமான ஆசிரியர் பேரவை கிடையாது. அப்படியொன்று வேண்டும், கற்பித்தலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற பேச்சு கல்விச் சீர்திருத்தம் பேசப்படும்போதெல்லாம் எழுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. மறுபடி எழும்போது நமது சமூகம் என்ன நிலைப்பாடு எடுக்கப்போகிறது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. அதற்கு மலையகத்தின் அனுபவத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

நமது மரபு இந்த வித்தியாசத்தை முன்பே அறிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இஜாஸா என்பது ஓர் ஆசிரியர் தன் மாணவருக்கு, இன்ன நூலை நீ என்னிடம் ஓதித் தேறினாய், இனி நீ பிறருக்கு ஓதிக்கொடுக்கலாம் என்று கொடுக்கும் அனுமதி. அதில் நூலின் பெயர் இருக்கும், ஸனது இருக்கும். கொடுத்தவரின் நற்பெயரும் அதில் பணயமாக இருக்கும். மத்ரஸாவில் முதர்ரிஸ் பதவி வேறு விஷயம். அதை ஆட்சியாளரோ வக்பு நிர்வாகமோ கொடுக்கும். இமாம் கஸ்ஸாலியை 1091 இல் பக்தாத் நிழாமிய்யாவுக்கு நியமித்தவர் வஸீர் நிழாமுல் முல்க். 1095 இல் இமாம் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் போனார். பதவி போனது, இல்ம் போகவில்லை. பிற்காலத்தில் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கற்பிக்கும் உரிமத்துக்கே இஜாஸாதான் முன்மாதிரி என்று ஜோர்ஜ் மக்திஸி வாதிட்டார். அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சர்ச்சை நமக்கு இங்கே அவசியமில்லை. இஜாஸாவும் எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை. ஸனதின் பெருமைக்காகப் பால்குடிப் பிள்ளைகளுக்கும் ஹதீஸ் இஜாஸா வாங்கி வைத்த காலம் இருந்தது. ஆகவே முன்னோர் செய்ததெல்லாம் சரி என்பதல்ல என் வாதம். ஆளின் தகுதியும் பதவியின் நியமனமும் வேறு வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

கடிதம் எப்படிக் கிடைக்கிறது

அரசாங்க ஆசிரியர்களை ஆள்வது இலங்கை ஆசிரியர் சேவையின் பிரமாணக் குறிப்பு. சேவை 1994 ஒக்டோபர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள பிரமாணக் குறிப்பு 2014 ஒக்டோபர் 23 ஆம் திகதிய 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் உள்ளது. மூன்றாம் வகுப்பின் இரண்டாம் தரத்திலிருந்து முதலாம் வகுப்பு வரை படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறச் சேவைக் காலம், தொழில்சார் தகைமை, தடைதாண்டல், எல்லாம் கேட்பார்கள். ஆசிரியர் ஓய்வறையில் "சேர், மொடியூல் முடிச்சிட்டீங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது இதைத்தான்.

உள்ளே வரும் வழிகளில் ஒழுங்கானது தேசிய கல்வியியற் கல்லூரி. 1986 இன் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரிகளில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு செய்தால் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா கிடைக்கும். கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்லூரி ஜெர்மன் உதவியோடு அமைந்தது. நமது பிள்ளைகள் அதிகம் போவது அட்டாளைச்சேனைக்கும் தர்கா நகருக்கும். இந்த வழியில் வருகிறவர் வகுப்பறைக்குள் நுழையும் முன்பே பயிற்சி பெற்றுவிடுகிறார்.

மற்ற வழிகளில் அப்படியில்லை. பட்டதாரி போட்டிப் பரீட்சை எழுதி நியமனம் பெறுகிறார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பிறகு செய்துகொள்கிறார். உயர்தரத்தோடு வந்தவர் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போகிறார். 2020 ஐ ஒட்டி அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்ட பட்டதாரிகள் பலர் ஆசிரியர் என்ற பெயரில்லாமலேயே ஆசிரியர் வேலை செய்கிறார்கள். ஊசி போட்டுப் பழகிய பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று எந்த நாடும் ஒரு டாக்டருக்குச் சொல்லாது. ஆசிரியருக்குச் சொல்கிறோம்.

நியமிப்பவர் யார் என்பதிலும் சிக்கல் உண்டு. 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் மத்திய அரசிடமும் மற்றவை மாகாணத்திடமும் இருக்கின்றன. வட்டகொடைப் பகுதித் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் மத்திய மாகாண நிர்வாகத்துக்கு உட்பட்டவர். நுவரெலியாவில் மூடப்படும் ஒரு கோவை இன்னொரு மாகாணத்தில் தானாகத் திறக்காது.

மலையகத்தில் தகுதி என்பது

தோட்டத்தில் ஆசிரியர் யாராக இருக்கலாம் என்ற கேள்விக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. பொதுப் போதனைத் திணைக்களம் 1869 இல் உருவாகி, நன்கொடை பெறும் பாடசாலைகளை மேற்பார்த்தது. தோட்டம் அந்த வளையத்துக்கு வெளியேதான் கிடந்தது. 1907 இன் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமீது சுமத்தியது. 1920 இன் கல்விக் கட்டளைச் சட்டம் அதை இறுக்கியது. துரைக்கு ஆசிரியர் தேவைப்பட்டார். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. கங்காணியின் உறவினரோ கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவரோ வாத்தியார் ஆனார். ஒரே அறையில் எல்லா வகுப்பும், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அந்த வாத்தியார்மாரை நான் இழிவாகப் பேச வரவில்லை. சம்பளம் தோட்டத்திலிருந்து வர, துரையின் தயவில் வாழ்ந்துகொண்டு, அவர்களில் பலர்தான் லயத்துப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் காட்டினார்கள். வட்டகொடைக்கு அருகே மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார், பெரிய எழுத்தாளராகவும் ஆனார். அவரைப் போல் தோட்டத்தைத் தாண்டிப் போய்ப் படிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல்கள் மிஞ்சும்.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைப் பற்றி நாம் பேசும்போது வாக்குரிமையைப் பற்றியே பேசுகிறோம். அரசாங்க ஆசிரியராவதற்கு இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்ததை மறந்துவிடுகிறோம். இன்றைய பிரமாணக் குறிப்பிலும் அது உண்டு. எந்த நாட்டிலும் அரச சேவைக்குச் சாதாரணமான நிபந்தனைதான். ஆனால் ஒரு சமூகத்தின் பெரும்பகுதியை நாடற்றவராக்கிவிட்டு, பிறகு பிரஜை மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றால், அந்தச் சமூகத்தின் பிள்ளைக்கு அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர் வருவது எப்படி? பிரஜாவுரிமைச் சிக்கல் கட்டங்கட்டமாகத்தான் தீர்ந்தது. 1988 இலும் 2003 இலும்கூடச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பல பத்தாண்டுகளில் தகுதி என்ற சொல் மலையகத்தில் படிப்பை மட்டும் அளக்கவில்லை.

1960, 61 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்மவர், கம்பளை ஸாஹிராவை வளர்த்த கலாநிதி பதியுதீன் மஹ்மூத். இலவசக் கல்வியின் சரித்திரத்தில் அது பெரிய வேலை. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த அலையில் சேரவில்லை. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் தேசியமயமான பிறகே, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து, அவை படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன. பாடசாலை வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் கூடவே வரவில்லை. உயர்தரம் முடித்தவர்களை எடுத்து, பயிற்சியைப் பிறகு பார்ப்போம் என்பதே மலையக நியமனங்களின் வழக்கமாகிப் போனது.

இதன் அண்மைய வடிவம் ஆசிரியர் உதவியாளர் திட்டம். 2014, 15 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று உயர்தரம் சித்தியடைந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்க முடிவானது. அவர்கள் ஆசிரியர் அல்ல, உதவியாளர். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்த பிறகே சேவையின் மூன்றாம் வகுப்பு இரண்டாம் தரத்துக்குள் எடுக்கப்படுவார்கள். அதுவரை மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பிற்பாடு அது 10,000 ஆனது. அப்போது நடைமுறையிலிருந்த கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் வரவுக் கொடுப்பனவு உட்பட எல்லாம் சேர்த்து 620 ரூபா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து நாள் கொழுந்தெடுத்த தாயின் சம்பளத்தை, உயர்தரம் படித்து ஒரு மாதம் வகுப்பில் நின்ற மகளின் கொடுப்பனவு எட்டவில்லை. பஸ் காசு, வெள்ளைச் சேலை, போர்டிங் வாடகை எல்லாம் அதற்குள்தான். "படிச்சு என்ன கண்ட?" என்று லயத்தில் கேட்டால் பதில் சொல்ல அந்தப் பிள்ளை திணறத்தான் செய்யும்.

இத்திட்டத்தை முழுக்க நிராகரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் பல வகுப்பறைகள் வெறுமையாக இருந்திருக்கும். உள்ளூர்ப் பிள்ளையே உள்ளூரில் ஆசிரியராவது பெரிய லாபம். வெளியிலிருந்து வருகிறவர் மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார். இதை நாம் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்தும் கண்டியிலிருந்தும் மலையகத்துக்கு நியமனம் பெற்ற தமிழ்மொழி மூல ஆசிரியர்களில் நமது சகோதர சகோதரிகளும் இருக்கிறார்கள். நல்ல பெயர் எடுத்து வருடக்கணக்காக நின்றவர்கள் உண்டு. கட்டாய சேவைக் காலம் முடியும் நாளைக் கலண்டரில் சுழித்து வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. குளிர், தங்குமிடம், தூரம், குடும்பம் எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் வருடத்தின் நடுவில் கணித ஆசிரியர் போய்விட்டால் சாதாரணதரப் பரீட்சை அவருக்காகக் காத்திருப்பதில்லை. உதவியாளர் திட்டத்தின் பிழை உள்ளூர் ஆட்களை எடுத்ததில் இல்லை. பயிற்சிக்கு முன்னர் வகுப்பறையைக் கொடுத்ததும், ஆசிரியரின் வேலையை வாங்கிக்கொண்டு ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுக்காததும்தான் பிழை. கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையும் பத்தனைக் கல்லூரியும் வட்டகொடையிலிருந்து பார்த்தால் தலவாக்கலைக்கு அப்பால்தான். பிறகெதற்கு இந்தத் தலைகீழ் வரிசை?

பதிவேடு இல்லாததன் விலை

பிள்ளையை அடிப்பதைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005 இலும் (2005/17) 2016 இலும் (12/2016) வந்தன. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு மாணவனின் காதைப் பாதித்த அடியை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையின் மீறலாகத் தீர்த்து, அரசும் ஆசிரியரும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் பாரதூரமான குற்றத்துக்காக ஓர் ஆசிரியர் வேலைநீக்கம் செய்யப்பட்டால் என்ன ஆகிறது? தாபன விதிக்கோவையின்படி விசாரணை, தண்டனை, பதவி போகும். மறுநாள் அவர் அடுத்த டவுனில் டியூஷன் கொட்டில் போடலாம். சர்வதேசப் பாடசாலையில் சேரலாம். கடிதத்தைத்தான் பறித்தார்கள், பெயரை நீக்குவதற்குப் பதிவேடு ஒன்றும் இல்லை. ஸ்கொட்லாந்து 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே ஆசிரியர் பேரவை ஒன்றை அமைத்துவிட்டது.

ஆனால் பதிவும் பரீட்சையும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் அக்கரையில் எச்சரிக்கை இருக்கிறது. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010 ஓகஸ்ட் 23 அறிவித்தல் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் கல்வியியல் டிப்ளோமாவோ பட்டமோ பெற்றவர்கள். அப்படியானால் அந்தப் பட்டங்களைக் கொடுத்த கல்லூரிகள் என்ன செய்தன, அல்லது அந்தக் கேள்வித்தாள் எதை அளந்தது என்று இரண்டில் ஒன்றைக் கேட்டாக வேண்டும். 2025 செப்டெம்பர் 1 இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்றது. அந்த வழக்கின் பெயரைப் பாருங்கள்: அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் அறக்கட்டளை, மஹாராஷ்டிர அரசுக்கு எதிராக. சிறுபான்மைக் கல்வி நிறுவனத்துக்கு இந்தத் தேர்வு பொருந்துமா என்ற கேள்வி அதில் மையமானது. 2014 இல் பிரமதி வழக்கில் ஐவர் அமர்வு சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றிருந்தது. இப்போது இருவர் அமர்வு அதில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

சிறுபான்மை உரிமை என்ற கேடயத்தைத் தகுதிக்கு எதிராகத் தூக்குவது சரியா? எனக்கு இதில் தயக்கம் உண்டு. நிறுவனத்தின் நிர்வாகத்தை, பாடத்திட்டத்தின் சமயப் பகுதியை, யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சுதந்திரத்தைப் பாதுகாக்க அது வேண்டும். பயிற்சி இல்லாதவரிடம் நம் பிள்ளையை ஒப்படைக்கும் உரிமையை ஓர் உரிமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இலங்கையில் அப்படியொரு வழக்குக்கே இன்னும் இடமில்லை. இங்கே ஓட்டை அவ்வளவு பெரிது. 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. எண்பதுகளிலிருந்து சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டு அந்தத் தடையைச் சுற்றிப் போயின. நமது ஊர்களில் இஸ்லாமியச் சூழலோடு கூடிய சர்வதேசப் பாடசாலை என்ற பலகை இப்போது சாதாரணம். அங்கே கற்பிக்கும் பிள்ளை சென்ற வருடம் அதே பாடசாலையில் உயர்தரம் எழுதியவளாக இருக்கலாம், சட்டம் தடுக்காது. பீஸ் கட்டும் பெற்றோர் கட்டடத்தையும் யூனிபோமையும் பார்க்கிறார்கள். டீச்சர் எங்கே பயிற்சி பெற்றவர் என்று கேட்பவர் அபூர்வம்.

மௌலவி ஆசிரியர்களின் நிலை இதற்கு நேர்மாறு. அல்-ஆலிம் பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களமே நடத்துகிறது. அதாவது ஆளோடு போகும் தகுதிக்கு அரசின் சாட்சி இருக்கிறது. நியமனம்தான் வராது. மௌலவி ஆசிரியர் நியமனம் எப்போது என்ற தலைப்பு நமது பத்திரிகைகளில் பல வருடமாக எழுத்து மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் கடிதம் கிடைத்துப் பயிற்சி கிடைக்கவில்லை. இங்கே சான்றிதழ் கிடைத்துக் கடிதம் கிடைக்கவில்லை.

குர்ஆன் மத்ரஸாவும் அஹதிய்யாவும் மிஞ்சுகின்றன. மத்ரஸா முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதியப்படுவது நிறுவனமாகத்தான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு மத்ரஸாக்களுக்குச் சட்டமூலம் என்ற பேச்சு எழுந்தபோது நாம் பயந்தோம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தப் பேச்சு பாதுகாப்பைப் பற்றியது, கற்பித்தலைப் பற்றியதல்ல. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்க, தஜ்வீத் தெரிந்தால் மட்டும் போதுமா, பிள்ளையின் மனமும் தெரிய வேண்டுமா என்பது எந்த அரசாங்கமும் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டிய கேள்வியல்ல. பிரம்பு பற்றிய சுற்றறிக்கை அரசாங்கப் பாடசாலைக்கு வந்து இருபது வருடமாகிறது. பள்ளிவாசல் மாடியிலுள்ள மத்ரஸாவுக்கு யாரும் ஒன்றை எழுதவில்லை.

ஒரு மாவட்டத்து அஹதிய்யாக்களும் மத்ரஸாக்களும் சேர்ந்து தங்கள் உஸ்தாத்மாருக்கு ஒரு பதிவேடு வைக்கலாம்: பெயர், யாரிடம் ஓதினார், என்ன ஸனது, கற்பித்தலில் எத்தனை நாள் பயிற்சி, முறைப்பாடு ஏதும் விசாரிக்கப்பட்டதா. ஓர் ஊரிலிருந்து விலக்கப்பட்டவர் அடுத்த ஊர் மத்ரஸாவில் விசாரிப்பில்லாமல் சேர்வதை இது ஒன்றே தடுக்கும். தர்கா நகரிலும் அட்டாளைச்சேனையிலும் பத்தனையிலும் தமிழில் ஆசிரியப் பயிற்சி நடக்கிறது. அங்குள்ள விரிவுரையாளர்களை அழைத்து, பாடசாலை விடுமுறையில் உஸ்தாத்மாருக்கு ஒரு வாரம் பயிற்சி நடத்துவதற்கு வர்த்தமானி தேவையில்லை. செலவு, அவர்களின் பயணக் காசும் சாப்பாடும்தான். மலையகத்தில் இதைத் தொடங்குவதென்றால் தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா ஜமாஅத்துகள் சேர்ந்தாலே ஒரு வகுப்பு நிறைய ஆள் இருக்கும்.